ஜன்னலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால்

வால்நட் குரோவ்
ஏப்ரல் 9, 1962

லோர்னா,

நேற்று உன் வீட்டில் என்ன நடந்தது என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை. சட்டைக்குக் கஞ்சி போட்டு, எட்டு ஆரஞ்சுப் பழங்களைப் பளபளவென்று துடைத்து, சான் பிரான்சிஸ்கோ வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவன் நான். உன் அம்மா சிரித்த முகத்தோடுதான் வாங்கிக்கொண்டார். உன் வீடும் ஃபாங், என் வீடும் ஃபாங். ஒரே குடும்பப் பெயரில் சம்பந்தம் பேசினால் நம் சீனர்களுக்கு ஆகாது என்பதால், "வேற ஊரு ஃபாங்குப்பா, நமக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்று நீ முன்பே சொல்லி வைத்திருந்தாய். அதையும் உன் அப்பா ஒருவழியாக விழுங்கிவிட்டார் போலத்தான் இருந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டே, "தம்பி யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டார்.

"வால்நட் குரோவ் மளிகைக்கடை ஃபாங் வா-கிட் மகன்" என்றேன். இதில் என்ன தப்பு? கெட்டிலைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் கெட்டிலைப் பார்த்து, "ஜன்னல்காரன் மவனா" என்றார். மொட்டைமாடிக்குப் போனவர் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் கேட்டேன். பன்றி விலாவை வெட்டிக்கொண்டிருந்தார். கோழிக்கடை ஃபாங் சூன் பெண் என்றதும், "யாரு, அந்தக் கதவுக்காரனா?" என்றார். அதற்குப் பிறகு அவர் வெட்டிய வேகத்தில் ஒரு பவுண்டு கேட்ட அம்மாளுக்கு மூன்று பவுண்டு விழுந்தது. வேறு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

செப்டம்பர் 4 அன்று நான் சியாட்டிலில் விமானத் தொழிற்சாலையில் வரைபட மேஜைக்கு முன்னால் இருக்க வேண்டும். உன்னோடு போவதாகத்தான் எண்ணம். இவர்கள் சரிப்பட மாட்டார்கள் என்றால், ஒரே நாளில் கல்யாணத்தை முடித்துத் தரும் ரீனோவுக்குப் போய்க் கட்டிக்கொள்வோம். அங்கே யாரும் ஜன்னல் கதவு என்று கேட்க மாட்டார்கள். உடனே எழுது. உடனே என்றால் உடனே.

வென்டல்


சான் பிரான்சிஸ்கோ
ஏப்ரல் 13, 1962

வென்டல்,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னது இது. ஃபாங் என்று ஒரு வியாபாரி இருந்தாராம். சீனாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம், ஊரில் தனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று இங்கே குடியேற்ற அதிகாரிகளிடம் எழுதி வைப்பாராம். பிறந்தது ஒன்றுமில்லை. அந்த எழுத்தை அமெரிக்கா வர ஆசைப்பட்ட வேறு வீட்டுப் பையன்களுக்கு விற்றுவிடுவார். இரண்டாவது மகனின் இடத்தில் வந்தது உன் அப்பா. மூன்றாவது மகனின் இடத்தில் வந்தது என் அப்பா. இருவரும் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததுகூட இல்லை. ஆனால் காகிதத்தில் கூடப்பிறந்தவர்கள். அதாவது காகிதப்படி நீ எனக்குப் பெரியப்பா மகன். வணக்கம், அண்ணா.

அழுதுவிட்டுத்தான் இந்தக் கேலியை எழுதுகிறேன்.

இன்னும் இருக்கிறது, கேள். கப்பலில் வரும்போது மனப்பாடம் பண்ண அந்த வியாபாரி ஒரு புத்தகம் கொடுப்பார். இல்லாத அந்த வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், நாய் என்ன நிறம், எல்லாம் அதில் இருக்கும். கரை தெரிந்ததும் கடலில் வீசிவிட வேண்டும். 1931இல் என் அப்பா, வருகிறவர்களை அடைத்து வைத்து விசாரிக்கும் ஏஞ்சல் தீவில் இறங்கியபோது, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட உன் அப்பாவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். தனித்தனியாக வைத்துக் கேள்வி. எல்லாம் பொருந்தியது. கடைசியில், வீட்டில் அரிசிப்பானை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். உன் அப்பா, ஜன்னலுக்குக் கீழே என்றார். என் அப்பா, கதவுக்குப் பின்னால் என்றார். அந்த ஒரு பானைக்காக என் அப்பா பதினெட்டு வயதில் பதினொரு மாதம் அந்தத் தீவில் அடைந்து கிடந்தார். அவன் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று என் அப்பா. இவன் பாதி படித்ததும் கடலில் போட்டுவிட்டான் என்று உன் அப்பா. முப்பத்தொரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

ரீனோவும் உதவாது. எங்கே போய்க் கட்டிக்கொண்டாலும் இருவரின் அப்பா பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும். சித்தப்பா பெண்ணைக் கட்டுவதை இந்த நாட்டுச் சட்டம் எல்லா இடத்திலும் தடுக்கவில்லையாம். ஆனால் சீனன் எவனும் அதைச் செய்ய மாட்டான் என்று குடியேற்ற அதிகாரிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நம் கல்யாணப் பத்திரத்தைப் பார்த்தாலே, இவர்கள் அண்ணன் தம்பி இல்லை என்று புரிந்துவிடும். நாம் இங்கேயே பிறந்தவர்கள், நமக்கு ஒன்றும் ஆகாது. அவர்களைத்தான் கப்பலேற்றுவார்கள்.

இதற்கு நடுவில் அப்பா ஒரு பல் டாக்டரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். எரித்துவிடு.

லோர்னா


வால்நட் குரோவ்
ஏப்ரல் 20, 1962

லோர்னா,

எரிக்கவில்லை. காய்ந்த இறால் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அதை யாரும் திறக்க மாட்டார்கள். உன் கையெழுத்து இறால் நாற்றம் அடிக்கிறது.

சாக்ரமென்டோவில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பெயர் எதுவும் சொல்லாமல், நண்பனுக்கு நண்பன் என்று ஆரம்பித்தேன். அவர், "உட்காருப்பா, இந்த மாசம் நீ அஞ்சாவது நண்பன்" என்றார். அரசாங்கமே இப்போது ஒரு வழி வைத்திருக்கிறதாம். நாமாகவே போய், என் பெயர் பொய், உண்மைப் பெயர் இது என்று எழுதிக்கொடுக்கலாம். குடியுரிமைக் காகிதத்தை வாங்கிக்கொள்வார்கள். நல்லவன், இத்தனை வருடம் இங்கே இருந்தவன் என்று பார்த்துப் புதிதாகத் தங்கும் உரிமை கொடுக்கலாம். கொடுக்காமலும் போகலாம். உறுதி எதுவும் கிடையாது. ஒருவர் சொன்னால் அதே காகிதத்தில் வந்த மற்றவரும் மாட்டுவார் என்பதால், இருவரும் சேர்ந்து போவதுதான் புத்திசாலித்தனம் என்றார்.

உடனே பஸ் பிடித்து வந்து அப்பாவிடம் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். பயமாவது ஒன்றாவது. "அவனோட சேர்ந்து போகவா? முதல்ல பானை ஜன்னலுக்குக் கீழ இருந்துதுன்னு அவன் ஒத்துக்கட்டும்" என்றார்.

"அப்பா, அந்த வீடே இல்லையே" என்றேன்.

"வீடு இல்லைன்னா பானை வேற இடத்துக்குப் போயிடுமா?"

இன்னும் பத்தொன்பது வாரம்தான் இருக்கிறது. நீ உன் அப்பாவிடம் பேசு. அல்லது நான் வந்து பேசுகிறேன். பல் டாக்டர் எப்படி இருந்தார்?

வென்டல்


சான் பிரான்சிஸ்கோ
மே 2, 1962

வென்டல்,

உன்னை யார் கடைக்கு வரச் சொன்னது? நான் அலுவலகத்தில் தட்டச்சு அடித்துக்கொண்டிருக்கிறேன். நீ பாட்டுக்குச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நுழைந்து, கோழி சுற்றித் தரும் தாளில் வீட்டுப் படம் வரைந்து, "மாமா, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல வெச்சுக்கலாமா" என்று கேட்டிருக்கிறாய். இல்லாத வீட்டுக்கு நீ மத்தியஸ்தமா? கோழி வாங்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்களாம். அப்பா அந்தத் தாளைக் கோழிக் குடலோடு சேர்த்துக் குப்பையில் போட்டார். அது போதாது என்று, வாசலில் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றிருக்கிறார். அப்பா கையிலிருந்த கோழியை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிவிட்டார். அந்த மனிதர் பாவம், கோழி வாங்கத்தான் வந்தார்.

உனக்கு இது ஓர் அவசர வேலை. பஸ், வக்கீல், தேதி. எங்கள் வீட்டில் கதவு தட்டப்பட்டால் யார் என்று தெரியும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

நேற்று அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நம்ம நிஜப் பேரு என்னப்பா?" என்றேன். "உனக்கு எதுக்கு அது? தெரியாத வரைக்கும் உன் வாயிலேர்ந்து வராது" என்றார். இருபத்துமூன்று வயதாகிறது எனக்கு. என் பெயர் எனக்குத் தெரியாது. நீ என்னை எந்தப் பெயரிலிருந்து எந்தப் பெயருக்கு மாற்றப் போகிறாய்?

ஒரு மாதத்துக்கு எனக்குக் கடிதம் எழுதாதே. பல் டாக்டர் நல்லவர். பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிறார், அவ்வளவுதான் குறை.

லோர்னா


வால்நட் குரோவ்
மே 27, 1962

லோர்னா,

ஒரு மாதம் ஆக இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று தெரியும். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

கடைக்கு வந்தது தப்பு. எனக்கு உட்கார்ந்து யோசிக்கத் தெரியாது. எழுந்து ஓடத்தான் தெரியும். உன் அப்பா ஓடியதை நானும் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், அவராகச் சொல்லியிருக்கிறார். என் அப்பாவும் அப்படித்தான் என்று ஊருக்கு வந்து கவனித்தபோதுதான் தெரிந்தது. அறிமுகமில்லாத கார் நின்றால் கிடங்குக்குள் போய் அரிசி மூட்டையை அடுக்குவார். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதுவது சண்டைக்கு மருந்து போட இல்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முந்தாநாள் அப்பாவோடு எனக்குப் பெரிய வாக்குவாதம். "ஒரு தப்பான பதிலால் ஒரு பையன் பதினொரு மாசம் உள்ளே கிடந்தான், உனக்கு உறுத்தவே இல்லையா" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்து கத்தியதில் ஒன்று வெளியே விழுந்துவிட்டது. அந்தப் பதினொரு மாதமும், ஞாயிறு தவறாமல், தீவுக்குப் போகும் படகில் ஒரு பொட்டலம் ஏற்றி விட்டிருக்கிறார். உப்பில் ஊறின வாத்து முட்டை ஒரு டஜன். அனுப்பியவர் பெயர் எழுதவில்லை. அப்போது அவர் ஓர் ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கதவுன்னு சொன்ன முட்டாளுக்குப் பசியும் வேணுமா என்ன?" என்றார். பிறகு கடையை மூடிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது.

நீ விரும்பினால் உன் அப்பாவிடம் சொல். வேண்டாம் என்றால் விட்டுவிடு. நான் எங்கும் வரமாட்டேன்.

வென்டல்


சான் பிரான்சிஸ்கோ
ஜூன் 5, 1962

வென்டல்,

சொன்னேன்.

அப்பா கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். முட்டை என்று நான் சொன்னதுமே கை நின்றுவிட்டது. "சங்கத்துக்காரங்க அனுப்பினாங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றார். வெளியே வந்ததும் ஃபாங் பெயர்க்காரர்கள் நடத்தும் குடும்பச் சங்கத்துக்குப் போய் நன்றிகூடச் சொன்னாராம். அவர்களும் விவரம் கேட்காமல் வாங்கிக்கொண்டார்களாம். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பவும் ஒண்ணு ஒடஞ்சே வரும். கட்டத் தெரியாதவன்" என்றார். மூக்கை உறிஞ்சினார். கோழி இறகு மூக்கில் ஏறிவிட்டது என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை நிபந்தனைகளோடு வந்தார். குடியேற்ற அலுவலகத்துக்கு வருவார். உன் அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார். பானையைப் பற்றிக் கேட்டால் கதவு என்றுதான் சொல்வார். பல் டாக்டரை இனிமேல் கூப்பிட மாட்டார், ஏனென்றால் அந்த ஆள் கோழிக் காலை முள்கரண்டியால் சாப்பிடுகிறார்.

ஜூன் 27, காலை பத்து மணி. உன் அப்பாவிடம் சொல்.

அம்மா அலமாரியிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துத் துணி மடித்து வைக்கிறாள். எதற்கு என்று கேட்டால், திருப்பி அனுப்பிவிட்டால் அவருக்கு மாற்றுத் துணி வேண்டாமா என்கிறாள். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். எனக்கு உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் நீ கூட இருந்தால் நன்றாக இருக்கும்.

லோர்னா


வால்நட் குரோவ்
ஜூன் 25, 1962

லோர்னா,

அப்பா நாளை பஸ்ஸில் வருகிறார். பேரிக்காய் அறுவடைக்கு ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள், கடையை மூட முடியாது. நான்தான் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்தார், பொத்தான் மூடவில்லை. கொண்டுவர ஒரு பொட்டலம் வைத்திருக்கிறார், என்னவென்று காட்டவில்லை. எப்படிக் கட்டியிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். ஏகப்பட்ட வைக்கோல்.

முடிந்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ.

வென்டல்


சான் பிரான்சிஸ்கோ
ஜூன் 28, 1962

வென்டல்,

உன் அப்பா வந்து சேர்ந்தவுடனே உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். அவர் சொல்லாமல் விடப்போவதை நான் எழுதுகிறேன்.

என்னைச் சுவரோரம் உட்கார விட்டார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி. அதிகாரி ஒல்லியானவர், சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். மொழிபெயர்க்க வயதான நம்மவர் ஒருவர். 1931இல் நீங்கள் விவரித்த வீட்டில் எப்போதாவது வாழ்ந்ததுண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார் உன் அப்பா. இல்லை என்றார் என் அப்பா. அந்த ஒரு வார்த்தைக்கு முப்பத்தொரு வருடம் பயந்திருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் அறையில் ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

அங்கேயே விட்டிருக்கலாம். என் அப்பாவால் முடியவில்லை. "ஆனா பானை கதவுக்குப் பின்னாலதான்" என்றார். உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஜன்னலுக்குக் கீழ" என்றார். மொழிபெயர்ப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என்ன சொல்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். அவர் விளக்கினார். அதிகாரி இருவரையும் பார்த்தார். பிறகு நாடா கட்டிய பழைய கோப்பை அவிழ்த்துப் பின்னோக்கிப் புரட்டினார். அந்த வியாபாரி ஃபாங் தானே சொன்ன வாக்குமூலம், 1922. அந்த வீட்டில் அரிசிப்பானையே கிடையாது. அரிசியைக் கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டியில் வைத்திருந்தார்களாம்.

"பெட்டியா?" என்றார் என் அப்பா. "கட்டிலுக்கு அடியிலயா?" என்றார் உன் அப்பா. பொத்தென்று உட்கார்ந்தார், நடு நாற்காலியில். "நமக்கு வித்தவனே ஒழுங்கா சொல்லித் தரலையே அண்ணே" என்று என் அப்பா சொன்னார். அண்ணே என்று, வென்டல். இனி நீங்கள் சகோதரர் இல்லை என்று அரசாங்கம் எழுதி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

காகிதங்களை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். திருப்பி அனுப்புகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை என்று அதிகாரி சொன்னார்; வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். வெளியே வந்து இருவரும் கஞ்சிக் கடையில் உட்கார்ந்து, செத்துப்போன அந்த வியாபாரியை இரண்டு மணி நேரம் திட்டினார்கள். பொட்டலத்தில் பன்னிரண்டு முட்டை. ஒன்றுகூட உடையவில்லை. என் அப்பாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

இனி நான் கேட்கப் போவது. உண்மைப் பெயரை எழுதுங்கள் என்று காகிதத்தைத் தள்ளியபோது, அப்பா பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதியதே இல்லை. நான் எழுந்து போய் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். குவான். நாங்கள் குவான், வென்டல். ஒரு நாள் ஆகிறது. நீ செப்டம்பருக்குள் கல்யாணம் என்கிறாய். கல்யாணம் ஆனால் இது போய்விடும். எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு குளிர்காலமாவது நான் என் அப்பாவின் பெண்ணாக, என் பெயரோடு இருக்க வேண்டும். நீ முன்னால் போ. வசந்தத்தில் வந்து என்னைக் கூட்டிப் போ. உனக்குக் காத்திருக்கத் தெரியாது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

லோர்னா குவான்


வால்நட் குரோவ்
ஜூலை 2, 1962

லோர்னா,

முதலில் கோபம் வந்தது. ஆற்றங்கரை வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். வசந்தத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிப் பார்த்தேன், அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

பிறகு அப்பா கடைப் பலகையின் கீழ் உட்கார்ந்து புதுப் பெயரை எழுதிப் பழகுவதைப் பார்த்தேன். நாங்கள் சேட்டோ. தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தார். "கோணலா வருது, நீ எழுதிக் காட்டு" என்றார். எனக்கும் கோணலாகத்தான் வந்தது. இந்தப் பெயரை உனக்குக் கொடுப்பதற்கு முன்னால் நானே கொஞ்ச நாள் போட்டுப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. சரி. காத்திருக்கிறேன். சந்தோஷமாக இல்லை, ஆனால் காத்திருக்கிறேன்.

உறையில் உன் பெயரைக் குவான் என்றே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் ஃபாங் என்றுதானே இருக்கிறது? தபால்காரர் திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதுவேன்.

வென்டல் சேட்டோ


சான் பிரான்சிஸ்கோ
ஜூலை 6, 1962

வென்டல்,

நேற்று தபால்காரர் கடை வாசலில் நின்று, இங்கே குவான் என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். சீருடை, தொப்பி. இந்த வாரம் எனக்கு அலுவலகம் லீவு, நான் கல்லாவில் இருந்தேன். அப்பா பின்பக்கம் ஓடுவார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நாங்கதான்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கொஞ்சம் சத்தமாக.

கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு உறையை அவரே வைத்துக்கொண்டார். தராசுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார். கோழி வாங்க வருகிறவர்களிடம் காட்டுகிறார்.

இன்று காலையில் தபால்காரர் தெருமுனைக்கு வந்ததுமே அப்பா வாசலுக்குப் போய் நின்றார். ஒன்றும் வரவில்லை. "அந்தப் பய எழுதலையா?" என்று என்னிடம் கேட்டார். சீக்கிரம் எழுது.

லோர்னா குவான்